நெட்டி முறிக்கச் சொல்லி வருபவர்கள்

பிறர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே பிழைக்கும் தொழில் என்னுடையது. பருத்திப்பட்டில், ஏரியைப் பார்த்த மாடியில் ஒரே அறை, ஒரு கட்டில், முன்னால் மேஜை போட்டுப் பெயர் எழுதிக்கொள்ளும் மேரி அக்கா. கழுத்து, முதுகு மூட்டுகளைக் கையால் அசைத்துச் சரிசெய்கிற கைரோபிராக்டிக் வைத்தியம். அந்தப் பெயர் யார் வாயிலும் முழுசாக நுழைவதில்லை. சேக்காட்டு ஆட்டோக்காரர்களிடம் 'கைராசி கிளினிக்' என்று சொன்னால்தான் கொண்டுவந்து விடுவார்கள்.

மத்தியானத்தில் ஏரிக்காற்று திரையைத் தூக்கித் தூக்கித் தாழ்த்தும். கட்டிலில் குப்புறப் படுத்திருப்பவரின் மூச்சும் அதே தாளத்துக்கு வந்துவிடும். எனக்கே கண் சொக்கும். இதைப் படிக்கிற நீங்களும் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்து, இடுப்புக்குத் தலையணை கொடுத்துக்கொண்டுதான் இருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே வலிக்காரர்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

சத்தம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற கோபி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். கைபேசியில் வெளிநாட்டு வீடியோ ஒன்றைக் காட்டினார். அதில் ஒருவரைத் திருப்பிப் போட்டதும் படபடவென்று நெட்டி முறிந்தது. "இதே மாதிரி, மேடம்." நான் வீடியோவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தேன். எங்காவது விழுந்தீர்களா, காய்ச்சல் உண்டா, கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் தடையில்லாமல் போகிறதா? கட்டிலுக்கு வருவதற்கே அரைமணி நேரம் ஆனதில் அவருக்கு அலுத்துப்போனது. ஆனால் இந்தக் கேள்விகள் இல்லாமல் யார் முதுகையும் நான் தொடுவதில்லை. நீங்களும் கேள்வி கேட்காத கையிடம் முதுகைக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தது. மெல்ல அசைத்தேன், இழுத்தேன், அழுத்தினேன். ஒரு சின்னச் சொடக்குக்கூட வரவில்லை. எழுந்து குனிந்து பார்த்தார்; காலையில் தொட முடியாத முழங்காலைத் தாண்டிக் கை போனது. ஆனால் முகம் மலரவில்லை. மூட்டுக்குள் இருக்கும் காற்றுக்குமிழிதான் அந்தச் சத்தம், விலகிய எலும்பு எதுவும் போய் உட்காரும் சத்தமில்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்: "வலி கொறஞ்சிகீது மேடம், இல்லன்னு சொல்லல. ஆனா சத்தமே வராம நான் ஊட்ல போயி இன்னான்னு சொல்றது?"

நாற்பது நாள்

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே அடுக்குமாடியில் இருக்கும் தம்பதி. இருவருக்கும் ஐடி வேலை. நாற்பது நாள் குழந்தை சாயங்காலமானால் விடாமல் அழுகிறதாம். பச்சைக்குழந்தையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகைச் சரிசெய்யும் வீடியோ அவர்களிடமும் இருந்தது. முடியவே முடியாது என்றேன். அந்த வயதில் எலும்பில் பாதி இன்னும் குருத்தெலும்புதான். முதுகை முறுக்கினால் அழுகை நிற்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது, ஆபத்து மட்டும் உண்டு. முதலில் குழந்தை மருத்துவரிடம் போங்கள் என்று பெயர் எழுதிக் கொடுத்தேன். "ஃபாரின்ல பண்ணுதாங்களே மேடம்" என்று அந்தத் தகப்பன் இரண்டுமுறை கேட்டுப் பார்த்தார்.

அந்தப் பெண் குழந்தையை மேரி அக்காவிடம் கொடுத்தாள். அவள் தோள் ஒருபக்கம் இறங்கியிருந்தது. பால் கொடுக்கிறபோது எப்படி உட்காருவாய் என்று கேட்டு, கட்டிலில் சாய்த்து, கைக்கு அண்டையாக ஒரு தலையணை வைத்தேன். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் தூங்கிவிட்டாள். வெளியே ஏரி தெரியாத அளவுக்குத் தூறல். மேரி அக்கா தோளில் குழந்தை தூங்கியது. நாற்காலியில் தகப்பன் தூங்கினார். நானும் அக்காவும் ஏதோ கோயில் பிராகாரத்தில் நிற்பதுபோல அசையாமல் நின்றோம். மறுநாள் குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு, நன்றாக வளர்கிறது, இந்த அழுகை தானாக அடங்கும் என்றார். அடங்கியது. ஆனால் அன்றைக்குக் கண்விழித்த அந்தப் பெண் பதறி எழுந்து சொன்னது இது: "ஐயோ, பிள்ளையத்தானே காட்ட வந்தோம், நான்லா தூங்கிட்டேன்!"

புத்தகப்பை

யாழினி, ஐந்தாம் வகுப்பு, முதுகுவலி. "நெட்டி எடுத்துவிடுங்க" என்றார் அவள் அம்மா. தூக்கத்தில் வலித்து எழுப்புகிறதா, காய்ச்சல், எடை குறைவு, கால் தளர்ச்சி? அப்படி ஏதும் இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பேன். ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம், டியூஷன், கீபோர்டு, இந்தி என்று நாள் முழுவதும் ஒற்றைத் தோளில் பையை மாட்டி அலைகிறாள், மிச்ச நேரம் உட்கார்ந்தே இருக்கிறாள். அவளை நான் முறிக்கவில்லை, திருகவில்லை. பையை இரண்டு தோளிலும் மாட்டக் காட்டிக்கொடுத்தேன்; பூனைபோல முதுகை வளைக்கச் சொல்லிக்கொடுத்தேன். பிறகு தரையில் பாயை விரித்து மல்லாக்கப் படுக்க வைத்தேன். ஏரியில் பட்ட வெயில் மேல்கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் கிடந்தாள். அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். யாழினி என்னைப் பார்த்தாள்: "ஆன்ட்டி, வலிக்கலன்னாலும் வரலாமா?"

கழுத்து

இஸ்மாயில் பாய் பூந்தமல்லியில் தையல்கடை வைத்திருப்பவர். குனிந்தே துணி வெட்டி இறுகிய கழுத்து. சவரம் முடிந்ததும் சலூனில் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் வெடுக்கென்று திருப்பிவிடுவது அவருக்கு வருஷக்கணக்கான சுகம். மூன்று நாள் முன்பு அப்படித் திருப்பியதிலிருந்து கழுத்தின் ஒருபக்கமும் பின்மண்டையும் இதுவரை அறியாத மாதிரி வலிக்கிறது, தலை சுற்றுகிறது, எதிரில் வருகிற பஸ் இரண்டாகத் தெரிகிறது என்றார். "மறுபக்கம் ஒரு திருப்பு திருப்பினா சரியாப்பூடும்மா."

கழுத்தெலும்புகள் வழியாகவும் மூளைக்கு ரத்தக்குழாய் போகிறது. வெடுக்கென்று திருப்பினால் எப்போதோ ஒருவருக்கு அது கிழியலாம். இப்போது நான் கை வைத்தால் கொலைக்குச் சமம், இந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். அவருக்குக் கோபம். "கை வெக்கத் தெரியாதவங்க எதுக்கும்மா கடை தொறக்குறீங்க?" அவர் மனைவி நூர்ஜஹான்தான் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "எழுந்திரிங்க" என்றார். மேரி அக்காவும் கூடவே ஆட்டோவில் ஏறினார்.

அன்று மாலை வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரில் நீர்க்காகங்கள் முங்கி எங்கெங்கோ எழுந்தன. தொழிலின் ஆரம்பத்தில் நானும் சத்தம் வர எத்தனையோ கழுத்துகளைத் திருப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முகமாக ஞாபகம் வந்தது. போன் அடித்தது, மேரி அக்கா. ரத்தக்குழாயில் கிழிசல், மருந்து ஆரம்பித்துவிட்டார்கள், சரியான நேரத்தில் வந்துவிட்டோமாம். அதோடு நான் கழுத்தைத் திருப்புவதை விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து, கொஞ்சம் மெலிந்து, தானே படியேறி வந்தார் பாய். வாசலில் நின்றபடியே சொன்னார்: "நீங்க கை வெக்கலன்னு அன்னிக்கு ஊரெல்லாம் சொல்லி மானத்த வாங்கணும்னு நெனச்சேம்மா, இப்பவும் ஊரெல்லாம் அதையேதான் சொல்லிக்கினு இருக்கேன்."

இப்படியாக, எதையாவது செய்துவிடச் சொல்லி வருகிறவர்கள் நடுவில் எதைச் செய்யக்கூடாது என்று கற்றுக்கொண்டு, அதற்கும் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு காலம் ஓடுகிறது.