பெடலை விடாத கால்

பூந்தமல்லி பஸ்ஸில் அவர் என் பக்கத்து சீட். ஐம்பது வயசிருக்கும். செக்யூரிட்டி சட்டை, நரைத்த மீசை. உட்கார்ந்ததுமே கண் சொக்கிவிட்டது. ஆனால் வலது கால் மட்டும் தூங்கவில்லை. அது தரையை ஒரு மிதி மிதிக்கும். அதற்குள் இரண்டு கைகளும் வெடுக்கென்று மார்புக்கு வந்துவிடும். முழங்கை என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்ததால் தட்டி எழுப்பினேன்.

“தப்பா நெனச்சிக்காத நைனா. அம்பத்தூர்ல பிரஸ் மிஷின் ஓட்டிகினு இருந்தேன். கையால தகட்டை வச்சிட்டு காலால பெடலை மிதிக்கணும். மிதிக்கறதுக்குள்ள கை வெளிய வந்துடணும். இப்ப கேட்டுல ஒக்கார வச்சிட்டாங்கோ. உள்ள மிஷின் எறங்குற சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. கை வேர்க்குது.”

“அதான் வேலை மாறிடுச்சேண்ணே. டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“காட்டாம? நரம்பு பழகிப்போச்சு, போகப்போக மறந்துடும்னாரு.”

விரல்களை விரித்துக் காட்டினார். பத்தும் இருந்தன.

“என் மிஷின்ல இப்ப வேற ஆள் கீறாரு. அவருக்கு இன்னும் பழகல. போன மாசம் ஒரு விரல் போச்சு.”

சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் முழங்கை இடித்தது. நான் எழுப்பவில்லை.