பின்சீட்டுக்குள் இருந்தது

அப்போது நான் கிளாங்குக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கையும் ஆட்களையும் பார்த்துக்கொள்ளும் வேலை. சீமைக்குத் திரும்பிய, உதவி மேனேஜரான சின்னத் துரையிடமிருந்து மோட்டார் சைக்கிள் வாங்கியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்னால் இருந்தது சாமான் கட்டும் இரும்புச் சட்டம் மட்டும். அதன்மேல் தலையணையைக் கட்டி, மனைவியை ஒருபக்கமாக உட்காரவைத்து, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். போய் இறங்கியதும் அவளால் நிற்க முடியவில்லை. அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, “இடுப்பு செத்துப் போச்சுக்கா” என்று அழுதாள்.

எனக்கு மானம் போய்விட்டது. இலவம் பஞ்சை அடைத்துப் பார்த்தேன். பத்து மைலில் தோசையாகிவிட்டது. தேங்காய் நார் திணித்தேன், கல். கடைசியில், தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் ஆளிடம் புலம்பினேன். “என்கிட்ட விடுங்கய்யா” என்றான். மூன்றாம் நாள், கித்தான் உறை தைத்த ஒரு சீட்டைக் கொண்டுவந்து மாட்டினான். அமுக்கினால் அமுங்கியது, விட்டால் எழும்பியது. குழியில் விழுந்தாலும் மனைவி சிரித்தாள். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய்.

அந்த மாதமே, பால் வெட்டும் ஒரு பெண்ணை நான் கையும் களவுமாகப் பிடித்தேன். மழையில் விறகு நனைந்துவிட்டதென்று, அடுப்புப் பற்றவைக்க ஒரு பிடி ஒட்டுப்பாலை மடியில் கட்டிக்கொண்டு போனாள். மரப்பட்டையில் காய்ந்து ஒட்டிக்கிடக்கும் கழிவு ரப்பர்தான் அது. தோட்டத்து மேனேஜரான துரையின் முன் கொண்டுபோய் நிறுத்தினேன். இரண்டு பிள்ளைகளோடு திங்கட்கிழமை அவள் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. எனக்குத் திருப்திதான். திருட்டு திருட்டுதானே.

முந்தின நாள் ஞாயிறு. மறுபடி பிரிக்பீல்ட்ஸ் போனோம். வண்டி அக்கா வீட்டு வாசலில் நாள் முழுக்க வெயிலில் நின்றது. சாயங்காலம் திரும்பும்போது கிளாங்கில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினேன். மனைவி இறங்கப் பார்த்தாள், முடியவில்லை. பட்டுச் சேலை சீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று இழுத்தாள். பட்டும் கிழிந்தது, கித்தான் தையலும் பிரிந்தது. உள்ளேயிருந்து பழுப்பாக, பிசுபிசுவென்று இளகிய ரப்பர் வழிந்தது.

அடியில் மடித்து வைத்திருந்த ஷீட்டுகள் இன்னும் இளகவில்லை. எங்கள் தோட்டத்து முத்திரை அவற்றில் பளிச்சென்று பதிந்திருந்தது.

“இது நம்ம தோட்டத்து ரப்பர் இல்ல?” என்றாள் மனைவி. என் முகத்தைப் பார்த்தாள். “அவ ஒரு பிடிதானேங்க எடுத்தா?”

அந்த நிமிஷத்தில் எனக்கு முதலில் வந்த எண்ணம், தெரிந்தவர் யாராவது பக்கத்தில் நிற்கிறார்களா என்பதுதான். சீட்டைப் பிடுங்கிக்கொண்டுபோய் ஆற்றில் எறிந்தேன்.

“நாளைக்குத் துரைகிட்ட அவளுக்காகச் சொல்லுவீங்கள்ல?”

“சொல்றேன்லா” என்றேன்.

மறுநாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிடுவதற்காக ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அந்தப் பெண் மூட்டையோடு வந்து துரையின் காலில் விழுந்தாள். துரைக்கு மனம் இரங்கிவிட்டது. தனக்குத் தெரிந்த தமிழில் என்னிடம், “என்ன கிராணி, ஒரு பிடிதானே? விட்டுடலாமா?” என்றார்.

நான் தலையாட்டினால் போதும். புகை போடும் ஆள் வரிசையில் நின்று என்னையே பார்த்தான். அவ்வளவு கறாராகப் பிடித்துக் கொடுத்தவன் இன்று ஏன் விட்டுக்கொடுக்கிறான் என்று துரை யோசித்தால்? தோண்டினால் சீட்டு விஷயம் வெளியே வரும். என் வேலை போகும், வீடு போகும்.

“ஒருத்திக்கு விட்டா எல்லாரும் எடுப்பாங்க சார்” என்றேன்.

சொன்னது நான்தானா என்று எனக்கே திக்கென்றது. இத்தனை வருஷமாகியும் அந்த அதிர்ச்சி போகவில்லை. எனக்குள் இப்படி ஒருவன் இருக்கிறான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவள் எழுந்தாள். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பிள்ளைகளோடு கேரித் தீவுப் பக்கம் நடந்தாள். திரும்பி நின்று என்னை ஏசியிருந்தால் தேவலை.

வீட்டில் மனைவி வாசலிலேயே காத்திருந்தாள்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன். துரை கேட்கல.”

அவள் நம்பிவிட்டாள். “உங்களால ஆனதைச் செஞ்சீங்க, விடுங்க” என்று என்னைத் தேற்றி, தட்டு வைத்துச் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன்.