நான் பார்த்ததாகச் சொன்ன தாய் நாய்

போன மாதம் பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, உங்களுக்கு ஒரு நாய்க்குட்டி பாத்துட்டேன். லேப்ரடார் கிராஸ். ஏழு வாரமாம். போட்டோ அனுப்பியிருக்கேன் பாருங்க. நீங்க எங்கயும் அலைய வேணாம். பங்காருபேட்டை ஸ்டேஷன்லயே கொண்டாந்து கையில குடுத்துடுவாங்க."

"வேணாம்மா," என்றேன். "தாயைப் பாக்காம குட்டி வாங்கக் கூடாது."

"அப்படியே அம்மா மாதிரி பேசறீங்க," என்று சிரித்தாள்.

அது அவள் அம்மாவின் பேச்சுதான். அந்தப் பேச்சை நான் ஒருமுறை மீறினேன் என்பது அன்றுவரை மகளுக்குத் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாமலே போய்விட்டது.

தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊர் ஆண்கள் பாதிப்பேர் ரயிலில்தான் வாழ்ந்தோம். சுரங்க ஆபீஸில் வேலை பார்த்த நான் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் சேர்ந்தேன். விடிவதற்கு முன்பே சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறினால் வீடு திரும்பும்போது இருட்டியிருக்கும். தினமும் அதே பெட்டி, அதே சீட், அதே முகங்கள். தக்காளியிலிருந்து பட்டுப் புடவை வரை எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே கைமாறும். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததுகூட அங்கேதான். ஒரே பெட்டியில் போகிறவன் ஒரு பொருளைக் கொடுத்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவமரியாதை. அப்படி ஒரு பழக்கம் எங்களுக்கு.

மகள் கல்யாணமாகிப் போனதும் என் மனைவி பகல் முழுக்கத் தனியாக இருந்தாள். வேலையை விட்டுவிடுங்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. நாய்க்குட்டி ஒன்று வேண்டும் என்றுதான் கேட்டாள்.

அவளுக்கு நாய் தெரியும். அவள் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். அவர்கள் இருந்த தொழிலாளர் லைன் வீட்டில் எப்போதும் ஒரு கிராஸ் நாய் இருக்கும். தாய் லைனில் சுற்றுகிற நாய், தகப்பன் ஏதாவது ஒரு ஆபீசர் பங்களாவின் நாய். குட்டி எடுக்கப் போகும்போது அவள் அப்பா கேழ்வரகுக் களி உருண்டை ஒன்றை இலையில் கட்டி இவள் கையில் கொடுத்து அழைத்துப் போவாராம். அந்தக் களி தாய்க்கு.

"கிராஸ்னு யாரு வேணா சொல்லலாங்க," என்பாள். "அப்பன் யாருன்னு நாமளா பாத்தோம்? தாய் ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும். குட்டிங்க பக்கத்துல இருக்கறப்போ அது நம்ம கையால சாப்புடணும். சாப்புட்டுதுன்னா அந்த வீட்ல அத அடிக்கல, ஒதைக்கலன்னு அர்த்தம். குட்டியும் மனுசங்கள நம்பும்."

இன்னும் நிறையச் சொல்வாள். குட்டி தானாகத் தின்கிறதா என்று பார்க்க வேண்டும். உதட்டைத் தூக்கிப் பல் பார்க்க வேண்டும். உடம்பு ஒட்டி வயிறு மட்டும் பலூன் மாதிரி இருந்தால் பூச்சி. கண்ணில் பீளை, பின்பக்கம் ஈரம் கூடாது. தலைக்குப் பின்னால் கை தட்டினால் திரும்ப வேண்டும். "மூலையில குந்திக்கினு இருக்கறத பாவம் பாத்துத் தூக்கினு வந்துடாதீங்க. பாவமா இருந்தா மருந்து வாங்கிக் குடுங்க. தூக்கறது வேற."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போய்ப் பார்க்கலாம் என்று பல ஞாயிறுகள் சொன்னேன். ஞாயிறு வந்தால் தூங்கினேன்.

எங்கள் பெட்டியில் பங்காருபேட்டைக்காரர் ஒருவர் சீட்டாட வருவார். என் எதிர் சீட். அவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "இவ்ளோதானா சார்? நம்ம கிட்ட சொல்லக் கூடாதா?" என்றார். அந்த வாரமே ஒரு மாலை, வண்டி பங்காருபேட்டையில் நிற்கும்போது ஜன்னல் வழியாக ஒரு கட்டைப் பையை உள்ளே நீட்டினார். அடியில் பழைய துண்டு, அதன்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி.

"லேப் கிராஸ் சார். ஏழு வாரம். அப்பன் ஃபுல் லேப்."

தாய் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சார் சம்சாரத்துக்கு சக்களத்தி வந்துட்டாடா," என்று ஒருவர் கத்த, பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். வண்டி நகர்ந்தது. கையில் இருந்த பன்னைப் பிய்த்துக் குட்டியின் வாயருகே வைத்தேன். அதற்குத் தின்னத் தெரியவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் மனைவி குட்டியைக் கையில் வாங்கினாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தோடே கேட்டாள்.

"தாயப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பங்காருபேட்டையில ஒரு வீட்ல."

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. அந்த வெளிச்சம் போய்விடக் கூடாது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கியதை மறைக்கவும் நினைத்தேன்.

"எப்படி இருந்துச்சி?"

"வெள்ளை. முதுகுல காப்பிக் கலர்ல ஒரு திட்டு. வாலை ஆட்டிக்கிட்டு வந்து கையை நக்கிச்சு."

"இன்னா குடுத்தீங்க?"

"பன்."

"பன்னா!" என்று சிரித்தாள். "புள்ள பெத்தவளுக்கு ஸ்டேஷன் பன் குடுத்தாராம் இவரு. போகட்டும், ஒரு நாளைக்கு நான் களி எடுத்துக்கினு போறேன்."

மறுநாள் குட்டியை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நாலு வாரம்கூட முழுசாக ஆகியிருக்காது, இன்னும் தாயிடம் இருக்க வேண்டிய குட்டி என்று சொல்லியிருக்கிறார். அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. விற்றவன்தான் ஏமாற்றிவிட்டான் என்றாள். "பாவம், அந்த வெள்ளைக்குப் பால் கட்டியிருக்கும்," என்றாள்.

குட்டி பிழைத்ததற்கு அவள் ஒருத்திதான் காரணம். இங்க் ஃபில்லரால் பால் புகட்டினாள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள். நான் காலையில் போய் இரவில் வந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்பேன்.

குட்டி வளர்ந்தது. லேப் மாதிரி வளரவில்லை. நீள உடம்பு, குட்டைக் கால், நரிக்காது. "சார், உங்க லேபுக்குக் காலு இன்னும் வந்து சேரல," என்பார் பால்காரர். அவரைத்தான் அது முதலில் கடித்தது. கெட்ட நாய் இல்லை. விளையாட்டுக்குக் கவ்வும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரியாது. தாயோடும் கூடப் பிறந்தவர்களோடும் கடித்துக் கடிபட்டுக் கற்றுக்கொள்கிற விஷயம் அது. என் மனைவியின் புறங்கையில் எப்போதும் பல் தடம் இருக்கும். அவள் அதில் மஞ்சள் வைத்துக்கொண்டு நாயைத்தான் கொஞ்சுவாள். "உன்ன அவகிட்ட ஒரு தடவ கூட்டினு போகணும்டா. நாலு கடி கடிச்சி புத்தி சொல்லுவா."

அந்த வெள்ளை நாய் எங்கள் வீட்டில் ஓர் ஆளாகிவிட்டது. மழை பிடித்தால், "அது எங்க படுத்துக்கினு கீதோ," என்பாள். பொங்கலுக்கு, தீபாவளிக்கு, பங்காருபேட்டையில் ஏதாவது கல்யாணம் என்றால், "அப்படியே ஒரு எட்டு பாத்துட்டு வரலாமே," என்பாள். வீடு மாறிவிட்டார்கள் என்றேன். ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றேன்.

ஒரு கட்டத்தில் எனக்கே தாளவில்லை. உண்மையாகவே அந்தத் தாயைத் தேடிப் பிடித்துவிடலாம், அது எந்த நிறமாக இருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று சீட்டாட்டக்காரரிடம் கேட்டேன்.

"தாயா? எனக்கு இன்னா தெரியும் சார்?" என்றார். "ஸ்டேஷன்ல ஒருத்தன் பையில போட்டுக் குடுத்தான். அவன் எங்க புடிச்சானோ. இன்னாத்துக்கு சார் இப்போ? நாய் செத்துப்போச்சா?"

"இல்லை, நல்லா இருக்கு," என்றேன்.

அன்று வீட்டுக்குப் போய், பங்காருபேட்டையில் அந்த வெள்ளை நாய் செத்துவிட்டது என்று சொன்னேன். இல்லாத நாயை இப்படி முடித்துவிட்டால் பேச்சும் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அவள் அடுப்பைப் பற்றவைத்துக் களி கிண்டினாள். முதல் உருண்டையை எங்கள் நாய்க்கு வைத்தாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய், அங்கே படுத்திருந்த நாய்களுக்குப் பிட்டுப் பிட்டு வைத்தாள். திரும்பி வந்து எனக்கும் களி போட்டாள். நான் சாப்பிட்டேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து, பல் தடம் பதிந்த அந்தப் புறங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "நாய்க்கு வெச்சீங்களா?" என்று கேட்டாள். "வெச்சேன்," என்றேன். அது உண்மை. அந்த ஓர் உண்மையோடு நிறுத்திக்கொண்டேன்.

அவளுக்குப் பிறகு நாய் சில வருஷம் என்னோடு இருந்து, கிழமாகி, போய்ச் சேர்ந்தது. நான் யாரையும் கொஞ்சத் தெரியாதவன். ஆனால் அந்த நாய் கதவருகே படுத்திருக்கும் வரை, அவள் கடைக்குத்தான் போயிருக்கிறாள் என்பது போல ஒரு நினைப்பு வீட்டில் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. மகளுக்கு இது எப்படியோ புரிந்துதான் குட்டி தேட ஆரம்பித்திருக்கிறாள்.

மகள் கொடுத்த நம்பருக்குப் பேசினேன். ஒரு பையன்.

"தாயைப் பாக்கணும் தம்பி."

"மதர் எல்லாம் ஃபார்ம்ல இருக்கு அங்கிள். நீங்க இன்னா மதரையா வாங்கப் போறீங்க?"

"தடுப்பூசி?"

"எல்லா ஆயித்து அங்கிள்."

"பல் எத்தனை வந்திருக்கு?"

"பல்லா?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

பால்காரர்தான் ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் ஒரு வீட்டில் குட்டி போட்டிருப்பதாகச் சொன்னார். பழைய லைன் வீடு. போகும் முன் யூடியூப் பார்த்துக் களி கிண்டினேன். இத்தனை வருஷம் அவள் கிண்டும்போது ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கலாம். கட்டி கட்டியாக வந்தது. அதையே உருட்டி இலையில் கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன்.

அந்த வீட்டு அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"குட்டி அங்க கீது, தூக்கிப் பாருங்க சார்."

"முதல்ல தாயைப் பாக்கறேன்மா."

"பொண்ணு பாக்க வந்தவரு மாமியாரப் பாக்கணும்னு கேக்கறாரே," என்று சிரித்தாள். கையிலிருந்த இலையைப் பார்த்ததும், "குடுங்க, நான் வெக்கறேன்," என்றாள்.

"இல்லம்மா. என் கையாலதான் வெக்கணும்."

தாய் கறுப்பு. இடது காது கிழிந்திருந்தது. விலா எலும்பு தெரிய, மடி தொங்க, குட்டிகளுக்கு நடுவே படுத்திருந்தவள் என்னைக் கண்டதும் உறுமினாள். நான் கற்பனை செய்த தாய்க்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அவள் ஒரு நாளும் உறுமியதும் இல்லை. நான் தரையில் உட்கார்ந்தேன். முட்டி வலித்தது. உள்ளங்கையில் களியை வைத்து நீட்டிக்கொண்டே இருந்தேன்.

வெகுநேரம் கழித்து எழுந்து வந்து முகர்ந்தாள். தின்னவில்லை.

"யாரு சார் கிண்டுனது? ஒரே கட்டியா கீது."

"நான்தாம்மா."

"வீட்ல இல்லீங்களா?"

"இல்லை."

அந்த அம்மாள் துவைப்பதைக் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு, "அதான் நாயே யோசிக்குது," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்த அந்த நேரத்தில்தான் கறுப்பி ஒரு துண்டைக் கவ்வினாள். பிறகு இன்னொன்று. சொரசொரவென்று நாக்கு என் உள்ளங்கையில் பட்டது. குட்டிகள் அவள் காலுக்கடியில் புகுந்து வந்து என் வேட்டி நுனியை இழுத்தன. ஒன்றைத் தூக்கி உதட்டைப் பிரித்தேன். முன்பல் அரிசி நுனி போல இப்போதுதான் எட்டிப் பார்த்தது.

"இன்னும் மூணு வாரம் போகணும் சார். அவசரம்னா எங்கிட்ட கெடைக்காது," என்றாள் அந்த அம்மாள்.

"அவசரம் இல்லம்மா."

வீட்டுக்கு வந்து கை கழுவாமல் உட்கார்ந்திருந்தேன். கறுப்பு. இடது காது கிழிசல். முதலில் உறுமினாள், அப்புறம் சாப்பிட்டாள். இன்னா குடுத்தீங்க என்று அவள் கேட்டால், களி. எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அந்தக் குரல் உள்ளேயிருந்து ஒரே ஒரு முறை கேட்காதா என்று சமையல்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் மகள் கூப்பிட்டாள். "வாங்கிட்டீங்களாப்பா?" என்றாள். தாயைப் பார்த்தேன் என்றேன். அப்படியே பழையதையும் சொல்லிவிட்டேன். பங்காருபேட்டை ஜன்னல், பன், வெள்ளை நாய், அது செத்துவிட்டது என்று சொன்னது, எல்லாம்.



"அன்னைக்கு அம்மா எனக்கு போன் பண்ணி அழுதாங்கப்பா," என்றாள். "கண்ணால பாக்காத நாய்க்கு எதுக்கும்மா அழறன்னு கேட்டேன். அப்பா பாத்துருக்காரு இல்ல, அது போதும்னாங்க."

இன்று நான் கிண்டிய களி கட்டி கட்டியாக வந்தது என்றேன். "களி வேகறப்போ நடுவுல கரண்டிய எடுக்கக் கூடாதுப்பா. விடாம சுத்தணும்," என்றாள்.

அடுத்த வாரமும் ஸ்கெலட்டனுக்குப் போனேன். கறுப்பி உறுமினாள், ஆனால் எழுந்து வந்தாள். களியில் கட்டி கொஞ்சம் குறைந்திருந்தது.