பதிமூன்று எம்.எம். டியூப்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. வெயில் காலத்தில் கம்ப்யூட்டர் ஃபேன் ரைஸ்மில் மாதிரி இரையும். பக்கத்துக் கட்டிலில் நோயோடு படுத்திருந்த என் மனைவிக்கு அந்தச் சத்தத்தில் தூக்கம் வராது.

"ஏங்க, இந்த பேஜார் சத்தத்த கொஞ்சம் கம்மி பண்ண முடியாதா?" என்றாள்.

அதற்காகத்தான் ஃபேனுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிரவைக்கும் செட் வாங்கினேன். டியூபைத் தனியாக வாங்க வேண்டும். பம்போடு மாதிரிக்கு ஒரு துண்டு வந்திருந்தது. தோலின் கனம் பார்க்கும் கேஜில் அதை வைத்தேன். பதிமூன்று எம்.எம். காட்டியது. தோலுக்கு அந்த ஒரு அளவு போதும். பழகிய கை அதையே ஆர்டர் போட்டுவிட்டது. வந்த டியூபுக்கு உள் ஓட்டையே பதிமூன்று. பம்பின் வாயில் லொடலொடவென்று ஆடியது, எவ்வளவு இறுக்கியும் ஒழுகியது. எரிச்சலில் பிடுங்கி மூலையில் வீசினேன்.

அவள் சிரித்துவிட்டாள். "தோலுக்குள்ள தண்ணி ஓடாதுங்க, இதுல ஓடுதில்ல? உள்ள எவ்ளோன்னு பாக்க வேணாமா?"

உள்ளே பத்து, வெளியே பதிமூன்று என்று இரண்டையும் சொல்லி மறுபடி ஆர்டர் போட்டேன். அது வந்து சேர்வதற்குள் அவள் இறந்துவிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மத்தியானம் உட்கார்ந்து மாட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு அமைதி. கட்டிலில் விரிப்புகூடக் கலையவில்லை.

சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பழைய ஃபேனையே மாட்டிவிட்டேன்.