ஒரு வரி வேலை

என் அக்காவின் கணவர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கப் படித்த பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். டயாலிசிஸ் மையம் ஒன்றில் அவர் கம்ப்யூட்டர்காரர், நான் வாசல் மேஜையில் டோக்கன் கொடுப்பவன். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்ததும் அவர்தான், அதனால் வாயை மூடியே பழகிவிட்டேன்.

மையத்தின் மென்பொருளைப் பதினான்கு வருடத்துக்கு முன் தனியாளாக எழுதியவர். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மணி ஒன்று, கடிகாரமே வேண்டாம். அப்பேர்ப்பட்டவருக்கு நாற்பத்தெட்டு வயதில் புது ஃப்ரேம்வொர்க் மேல் பைத்தியம் பிடித்தது. வெப் அப்ளிகேஷன் எழுதுபவர்களுக்குப் பாதி வேலையை முடித்துக் கையில் கொடுத்துவிடும் சாமான் அது. இணையத்தில் அதைப் பழகுபவர்களுக்கான பாடத்தைப் பார்த்து அரை மணியில் ஒரு மளிகைப் பட்டியல் செய்து காட்டி, எவ்வளவு சுலபம் பார் என்று குதித்தார். மளிகைப் பட்டியலும் நூற்று நாற்பது நோயாளிகளும் ஒன்றா அத்தான் என்று கேட்டேன். உனக்கென்ன தெரியும் என்றார். தெரியாதுதான்.

மையத்தின் மென்பொருளையே அதில் புதிதாக எழுதித் தருகிறேன் என்றார், நிர்வாகம் தலையாட்டியது. தலைமை நர்ஸ் மட்டும் அவர் மேஜைக்கே வந்து நின்றார்.

"எதை வேணா மாத்திக்கோங்க சார். அந்தக் குறிப்புக் கட்டம் மட்டும் அப்படியே இருக்கணும்."

ஒவ்வொரு நோயாளியின் பெயருக்குக் கீழும் இருந்த கட்டம் அது. யாருக்கு எந்த மருந்து ஆகாது, யாருக்குப் பாதியில் அழுத்தம் இறங்கும் என்று நர்ஸுகள் வருடக்கணக்காகத் தட்டி வைத்தது. வேறெங்கும் அது கிடையாது. அத்தான் சிரித்தார்.

"அது ஒரு வரி வேலை சிஸ்டர்."

ஒரு வரிதானே என்று அதைக் கடைசிக்குத் தள்ளினார். திங்கட்கிழமை பழையதை நிறுத்திப் புதியதுக்கு மாறுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை சாயங்காலம், எப்படி வருகிறது பார்ப்போமே என்று புதியதை அசல் தகவல்களோடு இணைத்தார். பழகுபவர்களுக்காகப் பாடத்தில் சொன்ன ஒரு செட்டிங் அணைக்காமல் கிடந்தது. அது இருந்தால், நிரலில் இன்னும் எழுதாத கட்டத்தை உள்ளிருக்கும் தகவலோடு ஃப்ரேம்வொர்க் தானாகவே அழித்துவிடும். அழித்தது. ஞாயிறன்று அந்த ஒரு வரியை எழுதினார், கட்டம் திரையில் வந்தது. வந்த சந்தோஷத்தில் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பாவி மனிதர்! காப்பு நகல் தினமும் விடியற்காலையில் பழையதன் மேலேயே பதிந்துகொள்ளும், இடம் மிச்சமாகட்டும் என்று அவரே செய்த ஏற்பாடு.

திங்கள் காலை எல்லாக் கட்டமும் காலி, நகலிலும் காலி. அத்தான் என் மேஜையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு படுக்கை படுக்கையாகக் கேட்டு எழுதப் போனார், நானும் கூடப் போனேன். பேச முடிந்தவர்கள் நினைவிருந்ததைச் சொன்னார்கள். சிலர் தப்பாகச் சொன்னதைத் தலைமை நர்ஸ் திருத்தினார். அவருக்கு மட்டும் எத்தனை நினைவிருக்கும்?

ஒன்பதாம் படுக்கையில் பக்கவாதத்தில் பேச்சுப் போன பெரியவர். வீட்டில் யாருமில்லை, வேன் டிரைவர்தான் கொண்டுவந்து விடுவார். தலைமை நர்ஸ் ஊசியோடு நின்றார்.

"இவருக்கு ஏதோ ஒரு மருந்து ஆகாது சார். போன வருஷம் போயே போயிருப்பாரு. எதுன்னு எழுதி வெச்ச பொண்ணு வேலைய விட்டுட்டா. எது சார்?"

"தெரியல சிஸ்டர்," என்றார் அத்தான். அவர் குரலை அப்படி நான் கேட்டதில்லை. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய் எனக்கு அழுகை வந்தது.

பெரியவர் எங்கள் மூவரையும் பார்த்தார். பிறகு, வழக்கம்போல, ஊசிக்குக் கையை நீட்டினார்.