பனிமலைப் படம் போட்ட பனியனும் ஹாரிஸ் தீவு மழையும்

போன ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதிக்கும், அதற்கு மேற்கே கடலில் இருக்கும் ஹாரிஸ் தீவுக்கும் காரில் போய்க் கூடாரம் போட்டுத் தங்கினோம். நான், மனைவி சரோஜா, கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் மகள் கவிதா. ஊர் பார்க்கும் ஆசையில் நான் போகவில்லை. ஊரில் மங்கலம் ரோட்டில் இருக்கும் எங்கள் பனியன் யூனிட்டில் குளிருக்கான உள்பனியன் தைக்கிறோம். பெட்டியின் மேல் ஒரு பனிமலை, கீழே 'கடுங்குளிருக்கு ஏற்றது' என்று ஒரு வரி. அந்த மலை கம்ப்யூட்டரில் செய்தது. நிஜ மலையில் நாங்களே அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் படம் வேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன்.

கவிதா எங்களுக்குக் கம்பளி உள்ளாடை வாங்கி வைத்திருந்தாள். தொட்டாலே அரித்தது.

"நூறு சதம் காட்டன், டபுள் லேயர். இதுக்கு மேல என்ன கண்ணு வேணும்?" என்று அதை அவள் அலமாரியிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன்.

"உங்கப்பா பனியனைப் பாத்தாக் குளிரே பயந்து ஓடிப்போயிரும். பேசாம வா சாமி" என்று சரோஜா சிரித்தாள்.

கிளாஸ்கோவிலிருந்து உல்லாபூல் துறைமுகம் 365 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, வழியில் நிறுத்தி நிறுத்திப் போய், மாலை மூன்றுக்குச் சேர்ந்தோம். மறுநாள் பத்தரை மணிக் கப்பலில் காரோடு ஏறினால் இரண்டே முக்கால் மணி நேரத்தில் தீவின் ஸ்டோர்னோவே துறைமுகம். அங்கிருந்து ஹாரிஸ் மேற்குக் கரை எண்பது கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். கடைசிப் பகுதியில் பல இடங்களில் ஒரே ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரே வருபவருக்கு வழிவிட ஒதுங்கும் இடங்கள் உண்டு. அதில் வண்டியை நிறுத்திவிட்டு டீ போட்டுக் குடிக்கிறார்கள் சிலர். இறங்கித் திட்டிவிட்டுத்தான் வந்தேன். தமிழில் திட்டினாலும் புரிகிறது.

கூடாரத்துக்கு ஒரு இரவுக்கு 22 பவுண்ட். மறுநாள் மதியம் கடற்கரைக்குப் போனோம். மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் அடித்தது. பனியன் படத்தில் தெரிய வேண்டும் என்று சரோஜாவின் மழைக்கோட்டைக் கழற்றச் சொன்னேன். இருபது படம் எடுத்தேன். அப்புறம் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து கூடாரத்துக்குத் திரும்பினோம்.

"ஏனுங்க, நடுக்கமா இருக்குதுங்க. மாத்திக்கட்டுங்களா?"

"உடம்புச் சூட்டுலயே காஞ்சிரும்" என்றேன்.

ஒரு மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. "பாத்தியா கண்ணு?" என்று கவிதாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் நீட்டிய டீ டம்ளரைச் சரோஜாவால் பிடிக்க முடியவில்லை. ஏதோ சொன்னாள், நாக்குக் குழறியது.

அந்த நேரத்தில்தான் வாடகை வாங்க, கூடாரம் போட்ட இடத்துக்காரம்மா வந்தார். எழுபது வயதிருக்கும், ஆடு வளர்ப்பவர். சரோஜாவின் கழுத்தைத் தொட்டார். பனியன் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். "காட்டன்?" என்றார்.

"ஹண்ட்ரட் பர்சன்ட்" என்றேன்.

அவர் கத்தியதைச் சொல்லக் கவிதா தயங்கினாள். சொல்லச் சொன்னேன். "'பொண்டாட்டியைக் கொல்லப் பாக்கறியா'ன்னு கேக்கறாங்கப்பா."

என்னை வெளியே தள்ளிவிட்டு ஈரத்தையெல்லாம் உரித்து, தன் கம்பளி ஸ்வெட்டரை மாட்டி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, டாக்டருக்கும் போன் செய்தார். யாரிடம் பேசுகிறோம் என்று தெரியுமா இவளுக்கு என்று மழையில் நின்று கொதித்தேன். அப்புறம் அந்த இரண்டு விரல்கள் ஞாபகம் வந்தன. நாற்பது வருடமாக நானும் அப்படித்தான் துணி பார்க்கிறேன். ஒருமுறைகூட நனைத்துப் பார்த்ததில்லை.

டாக்டர் வருவதற்குள் சரோஜாவுக்கு மறுபடி நடுக்கம் வந்தது. அதுதான் நல்ல அறிகுறி, உடம்பு தானே சூடேறப் பார்க்கிறது என்றார் வந்த டாக்டர். அவள் பேசிய முதல் பேச்சு, "கம்பளி ஒண்ணும் அரிக்கலீங்க."

ஊர் திரும்பியதும் மகன் செந்திலிடம் அந்த வரியையும் மலையையும் எடுக்கச் சொன்னேன்.

"பெட்டியெல்லாம் பிரின்ட் அடிச்சாச்சுங்கப்பா. சரக்கு வாங்கற பையர் கேக்கற டிசைன் அது. எல்லாருந்தான் போடறாங்க."

"எல்லாரு பொண்டாட்டியும் அங்க நனையலியேடா."

"சரி, படமாச்சும் எடுத்தீங்களா?"

அந்த இருபதையும் அழித்துவிட்டேன். வேறொன்றைக் காட்டினேன். கை மறையும் ஸ்வெட்டரில் சரோஜா. பின்னால் கொடியில் எங்கள் பனியன், இரண்டு நாளாகியும் சொட்டிக்கொண்டு. இதைப் பெட்டியில் போடு என்றேன். அவன் அடித்த பெட்டிகளையே எண்ணப் போய்விட்டான். அந்தப் படம் பெட்டியில் வரும்வரை யூனிட் படியை மிதிக்க மாட்டேன் என்று வந்துவிட்டேன். இன்றோடு பதினேழு நாள்.

போகிறவர்களுக்கு: கப்பலுக்கு முன்பதிவு அவசியம். தீவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். உள்ளே கம்பளி, வெளியே நல்ல மழைக்கோட்டு. நனைந்தவருக்கு நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பனிமலைப் படம் போட்ட காட்டன் பனியனை வாங்காதீர்கள். நான் தைத்ததாக இருந்தாலும்.