செம்புச் சுருளும் ஒற்றை பிஸ்டனும்

வண்டி நன்றாக ஓடுகிறது, சொல்லிவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்று எவரும் மெக்கானிக் கடைக்கு வருவதில்லை. எங்கள் தொழிலின் தலையெழுத்து அப்படி. ஸ்பானரும் கையுமாக வயிறு வளர்க்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய கையோடு நான் முதலியார்பேட்டையில் கடை போட்டேன். அவர்கள் கொண்டுவந்த வண்டிகள் ஊரில் இருந்தன. அவற்றுக்கான சாமான்கள் வருவது நின்றுவிட்டது. அதில் ஒரு வண்டி என்னைப் படுத்திய பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

இதுதான் கடைசி

மதாம் ரொசாலி பேறுகாலம் பார்க்கிறவர். வடக்கே பிள்ளைச்சாவடி வரைக்கும் எந்தக் குடிசையில் வலி எடுத்தாலும் ஆள் அவரைத் தேடித்தான் வரும். அவர் புருஷன் சவரிமுத்துவுக்கு நூல் ஆலையில் இரவு ஷிப்ட். பகலில் தூங்க வேண்டிய மனுஷன், கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு சின்ன பிரெஞ்சு மோட்டார் சைக்கிளில் பெண்டாட்டியையும் மருந்துப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போவார்.

சின்ன இன்ஜின் ரோட்டில் ஓடும்போது காற்றுப்பட்டு ஆறிவிடும். கடலோர மணலில் முதல் கியரில் ஊர்ந்தால் எங்கே ஆறும்? ஆயில் தண்ணீராக இளகி, பிஸ்டன் வீங்கிப் பிடித்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவைத்துத்தான் அவர்கள் போய்ச் சேர்வார்கள். ஒருநாள் அப்படி நின்றதில் போய்ச் சேரத் தாமதமாகி, தாய் பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை. மறுநாள் சவரிமுத்து கடைக்கு வந்தார். இனி வழியில் நிற்காமல் ஓடும்படி ஏதாவது செய் என்றார். பிஸ்டன் ஒருமுறை கெட்டால் மாற்ற வேறு கிடையாது, வண்டி பழைய இரும்புக்குத்தான் போகும் என்று எச்சரித்தேன். அவர் கேட்டுக்கொண்டார்.

"வண்டி போனா போவட்டும் கோவிந்து. வீட்டுல அவ நேத்திலேருந்து சோறு தின்னல."

செம்புச் சுருள்

என் கடையில் பற்றவைப்பு வேலை பார்த்தவர் அந்துவான். பழைய பிரெஞ்சு கராஜில் வளர்ந்தவர். வாயில் பாதி பிரெஞ்சு, மீதி வசவு. இன்ஜின் ஆயிலை ஒரு குழாய் வழியாக வெளியே எடுத்து, காற்றுப்படுகிற இடத்தில் சுற்றவிட்டு, ஆறிய ஆயிலைத் திரும்ப உள்ளே விடலாம் என்று இரண்டு பேரும் முடிவுசெய்தோம். ஆயில் கூலரைக் கடையில் வாங்க வழியில்லை. செம்புக் குழாயை வளைத்துச் சுருளாக்கி, இன்ஜினுக்கு முன்னால் பொருத்தினோம். அது வலது காலுக்குப் பக்கமாகக் கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றது. கால் சுடுகிறது என்று சவரிமுத்து முனகினார், பொறுத்துக்கொள்ளச் சொன்னேன்.

முதல் பயணத்துக்கு நானும் சைக்கிளில் பின்னால் போனேன். அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு, இந்தப் பக்கம் தாராளம். ஊர்களோ பின்னிக்கொண்டு கிடந்தன. வழியில் ஒரு போலீஸ்காரர் செம்புச் சுருளைப் பார்த்ததும் கையைக் காட்டிவிட்டார். நம் ஊர்ப்பக்கம் செம்புச் சுருளென்றால் சாராயம் காய்ச்சத்தான், அவரைச் சொல்லி என்ன? நின்றபடியே ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் சூடேறியது. அணைத்தால் உடனே கிளம்புமோ என்னவோ என்று சவரிமுத்து அணைக்கவில்லை. மதாம் பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலையும் பஞ்சையும் காட்டினார். அது எடுபடவில்லை. கடைசியில் நான்தான் நட்டைத் தளர்த்தி ஒரு சொட்டு ஆயிலை அவர் விரலில் விட்டேன். சுரீரென்றிருக்கும், உதறினார். பிறகு மோந்து பார்த்தார், நாக்கிலும் வைத்துப் பார்த்தார். முகம் கோணியது.

"ஆயிலுதான்யா, போ. ஆனா இதையும் குடிக்கிறவன் இருப்பான், ஜாக்கிரதை."

சாக்குத் துணி

கோடை முழுக்கச் சுருள் மானத்தைக் காப்பாற்றியது. நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஐப்பசி மழை அதை இறக்கியது. குளிர்காற்றில் ஆயில் சூடே ஏறாமல் கஞ்சிபோல உறைந்து நின்றது. மூடியைத் திறந்தால் உள்ளே ஈரம் கலந்து மோர் நிறத்தில் ஆயில். சூடு அதிகமானாலும் கெடுதல், இல்லாவிட்டாலும் கெடுதல். மாமியார் மாதிரி இன்ஜின். சரி, மழைக்குச் சுருள்மேல் சாக்குத் துணியைக் கட்டுங்கள், வெயில் வந்ததும் அவிழ்த்துவிடுங்கள் என்று சொல்லியனுப்பினேன்.

மழை விட்டுப் பளீரென்று வெயில் அடித்த ஒருநாள், இரவு ஷிப்ட் முடித்து வந்த சவரிமுத்து சாக்கை அவிழ்க்க மறந்துவிட்டார். மணலில் இன்ஜின் சட்டென்று பிடித்துக்கொண்டது. இருவரும் விழுந்தார்கள். நல்லவேளை, அடி பலமில்லை. ஆறிய பிறகு வண்டி நகர்ந்துவிட்டது, மதாமும் போய்ச் சேர்ந்தார். கடையில் பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் நீளமாகக் கீறல். தேய்த்து வழவழப்பாக்கி மறுபடி மாட்டினேன். இன்னொரு முறை பிடித்தால் அவ்வளவுதான். மதாம் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"தூக்கம் இல்லாத மனுஷன நம்பி ஒரு சாக்கக் கட்டுனியே கோவிந்தா. தானா அவுத்துக்கிற சாக்கு எதுவும் கெடையாதா?"

புளி போட்டுத் தேய்த்தது

தானாக அவிழ்த்துக்கொள்கிற சாக்குக்குப் பெயர் தெர்மோஸ்டாட். கார் ரேடியேட்டரில் இருக்கும். தண்ணீர் சூடானால் திறக்கும், ஆறினால் மூடிக்கொள்ளும். அதையே ஆயில் வழியில் வைத்துவிட்டால், ஆறிய ஆயில் சுருளுக்குப் போகாமல் நேராக இன்ஜினுக்குத் திரும்பும்; சூடானது மட்டும் சுருளுக்குள் போய் ஆறி வரும். மனுஷன் மறந்தாலும் அது மறக்காது.

அந்துவான் ஓட்டை உடைசலான ஒரு பிரெஞ்சுக் காரிலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். அடுப்பில் பாத்திரத்தை வைத்து, தண்ணீரில் அதை நூலில் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு தடியன்களும் பால் பொங்கலுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தோம். ஒரு தடவை திறந்தது. மறு தடவை தளதளவென்று கொதித்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது. உப்பு படிந்திருக்கிறது என்று அந்துவான் அதைப் பித்தளைக் குத்துவிளக்கைப்போலப் புளி போட்டுத் தேய்த்தார். அதற்குப் பிறகு போட்டபோதெல்லாம் திறந்தது. வண்டியில் பொருத்தி முடித்து, இனி கவலையில்லையே என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வானத்தைப் பார்த்தார்.

"இங்க தண்ணியில தொறக்குது முசியே. அங்க ஆயில்ல தொறக்குமான்னு மாதாவத்தான் கேக்கணும்."

அந்தப் பங்குனி வெயில்

கேட்கிற வேளை வந்தது. சவரிமுத்துவுக்குக் காய்ச்சல். பிள்ளைச்சாவடியிலிருந்து ஓர் ஆள் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து, பிள்ளை குறுக்கே நிற்கிறது என்று அழுதான். மதாம் பெட்டியோடு என் கடை வாசலில் நின்றார். நான்தான் ஓட்ட வேண்டும். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. நான் அரை டிராயரில் இருந்தேன், மாற்றிக்கொள்ள நேரமில்லை.

தார் ரோடு முடிந்து மணல் வந்ததும் முதல் கியர். வலது காலை மெதுவாக நகர்த்திச் சுருளைத் தொட்டுப் பார்த்தேன். வெயில் சூடுதான் இருந்தது. தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. இன்ஜினிலிருந்து காந்தல் வாடை வந்தது, சத்தம் கனத்தது. மறுபடி தொட்டேன். அப்போதும் அதே வெயில் சூடுதான். நிறுத்தினால் பிஸ்டன் பிழைக்கும், அங்கே அந்தப் பெண்? நிறுத்தாமல் போய்ப் பிடித்துக்கொண்டால் இரண்டும் போச்சு. கொஞ்சம் ஆறவைத்துப் போகலாமா மதாம் என்று திரும்பாமலே கேட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு வலி நிக்கல. நீயும் நிக்காத."

முறுக்கிய திராட்டிலை விடவில்லை. குலதெய்வத்தையும் கும்பிட்டேன், மாதாவையும் கும்பிட்டேன். சவுக்குத் தோப்பைத் தாண்டும்போது முழங்காலுக்குக் கீழே யாரோ சூட்டுக்கோல் வைத்ததுபோலச் சுரீரென்றது. வாய்விட்டு அலறினேன். அலறிக்கொண்டே சிரித்தேன். சுருள் கொதித்தது, திறந்துவிட்டது. கொஞ்ச தூரத்தில் இன்ஜின் சத்தம் லேசானது, காந்தல் வாடை அடங்கியது. அந்தக் காலை நான் எடுக்கவில்லை. மறுபடி மூடிக்கொண்டால் தெரிய வேண்டுமே.

குடிசைக்கு வெளியே காய்கிற வலைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கத்தல் ஓய்ந்தது, கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு ஒரு சின்னக் குரல் வீறிட்டது. மதாம் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். என் காலில் கொப்புளத்தைப் பார்த்ததும் பெட்டியைத் திறந்து மருந்தை எடுத்துத் தடவினார்.

"வழியில நீ ஒரு கத்து கத்துன, உள்ள அவ ஒரு கத்து கத்துனா. ரெண்டும் சுகப்பிரசவம்."

தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே சர்டிபிகேட் வலது முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. கேட்கிறவர்களுக்கெல்லாம் வேட்டியைத் தூக்கிக் காட்ட வேண்டியிருப்பதுதான் சங்கடம்.